ரேகை விழாத கைநாட்டு

வயிற்றுக் கட்டிக்கு வளைகாப்பு நடத்திய ஊர் எங்கள் ஊர். கேட்டால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டே கேளுங்கள், கடைசியில் சிரிக்க முடிகிறதா பார்ப்போம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம். ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் அப்போது தோல் பதனிடும் ஷாப்புகள் நாலு இருந்தன. வெளியூர்க்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஊருக்குள் நுழைவான். எங்களுக்கோ அந்த நாற்றம் ஒருநாள் இல்லையென்றால் பயம் வரும், வேலை நின்றுபோனதோ என்று.

செண்பகம் ஒன்பது வயதில் அந்த ஷாப்புக்குள் கால் வைத்தவள். சுண்ணாம்புக் குழியில் ஊறிய ஆட்டுத் தோலை எடுத்துக் கல்லில் போட்டு, மயிரைக் கையால் வழித்தெடுப்பது அவள் வேலை. சுண்ணாம்பு முதலில் நகக்கண்ணைத் தின்னும். அப்புறம் விரல் நுனி. இருபது வருஷத்தில் அவளுடைய பத்து விரலும் உள்ளங்கையும் கழுவிய கூழாங்கல் போல வழுவழுத்துவிட்டன. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் பிள்ளையில்லாமல் போகவே, குறி சொல்கிறவள் ஒருத்தியிடம் கையை நீட்டினாள். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாம்மே இது, ஒரு ரேகையும் காணோம்! இந்தக் கையில நான் இன்னாத்தப் பாத்துச் சொல்றது?" என்று கையை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து சேரியில் அது ஒரு பேச்சாகிவிட்டது. ரேகையே இல்லாதவளுக்குப் பிள்ளை எங்கிருந்து வரும் என்று. குழியில் வேலை செய்த பெண்கள் எல்லாருக்கும் அதே கைதான், அவர்கள் வீட்டில் நாலைந்து பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. அதை எவரும் யோசிக்கவில்லை.

இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவள் ஜெயம்மாள். செண்பகத்தின் புருஷன் சுப்பராயனுக்கு அக்காள், எதிர்வீட்டுக்காரி. சுற்றுப்பட்டு ஆறு ஊருக்கும் பிரசவம் பார்க்கிறவள். சுப்பராயன் ஏலகிரி அடிவாரத்திலிருந்து தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை ஏற்றிவரும் வண்டிக்காரன். மாட்டிடம் காட்டும் பொறுமையில் பாதியை வீட்டில் காட்டியிருந்தால் அவனை நல்லவன் என்றே எழுதியிருப்பேன். அக்காள் சொல்லாமல் அவன் தலைகூட வாரமாட்டான்.

அதற்கு முந்தின வருஷம் ஐப்பசியில் செண்பகத்துக்கு மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தது. வயிறும் லேசாக மேடு தட்டியது. ஜெயம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "டேய் சுப்பா, புள்ளடா! நாலாம் மாசம்!" இடையில் இரண்டு தடவை உதிரம் பட்டது. அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. "அழுக்கு கழியுது. சொம்மா இரு."

தையில் வளைகாப்பு. ஐந்து வகைச் சோறு கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்து, கை நிறைய வளையல் அடுக்கினார்கள். எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. வளையல் போட்ட பெண்ணைச் சுண்ணாம்புக் குழியில் நிறுத்த மாட்டார்கள். பட்டைக் கொட்டகைக்கு மாற்றிவிடுவார்கள். நிழலில் உட்கார்ந்து ஆவாரம்பட்டை இடிக்கலாம், காலை நீட்டிக்கொள்ளலாம். இருபது வருஷத்தில் முதல் தடவையாகச் செண்பகம் நிழலில் உட்கார்ந்து வேலை செய்தாள். வளையல் குலுங்க உலக்கை போடுவாள். அந்த நாலு மாதம்தான் அவள் சிரித்துப் பார்த்தோம்.

சித்திரை வந்தது, பத்து மாதம் முடிந்தது. வைகாசி வந்தது. ஆற்றில் ஊற்று தோண்டினால் ஓராள் ஆழத்துக்கும் தண்ணீர் இல்லை. வயிறு மட்டும் ஏறிக்கொண்டே போனது. வலி வரவில்லை.

கொட்டகையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மயிர் பிரிக்கிறவள் ஹலீமா பீ. புருஷனை இழந்து, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்த மனுஷி. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு அதைவிட ஜாஸ்தி.

"ஏ செண்பகம், கோவிச்சுக்காதே," என்றாள் ஒரு மத்தியானம், கூழைக் கரைத்துக்கொண்டே. "புள்ளத்தாச்சின்னா மொகம் பூரிக்கும். உனுக்குக் கன்னம் ஒட்டிக்கினு போவுது. கையப் பாரு, குச்சி. வயிறு மட்டும் இவ்ளோ பெருசு."

"ரெட்டப் புள்ளன்னு அண்ணி சொல்றாங்க பீபீம்மா."

"பதினோரு மாசமா? ரெட்டப் புள்ளைங்க உள்ளயே கல்யாணம் பண்ணிக்கினு குடித்தனம் நடத்துதுங்களா?"

செண்பகம் சிரித்தாள். சிரிக்கையில் மூச்சு வாங்கி, உலக்கையைப் பிடித்துக்கொண்டாள். "படுத்தா மூச்சு முட்டுது பீபீம்மா. ராவெல்லாம் செவுத்துல சாஞ்சுதான் கெடக்குறேன்."

"தோபா தோபா! இத்த யாராண்டயும் சொல்லலியா நீ? வியாழக்கெழம புளியமரத்தாண்ட டாக்டரம்மா வண்டி வருது. நான் இட்டுகினு போறேன். அவனாண்டயும் கேக்காத, அவளாண்டயும் கேக்காத."

வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வண்டி வாரம் ஒருமுறை வரும். டாக்டரம்மா நம்மவள்தான், தெற்கத்திப் பெண், சின்ன உருவம். கூட்டத்தில் வைத்துப் பார்க்க முடியாது என்று பக்கத்திலிருந்த ஹலீமா பீயின் வீட்டுக்கே வந்தாள். மரக்குழல் ஒன்றை வயிற்றில் பல இடத்திலும் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டாள். விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு ஹலீமா பீயைக் கூப்பிட்டாள்.

"உங்க கையை இப்படிச் செங்குத்தா நடு வயித்துல அழுத்தி வச்சுக்குங்க." ஒரு பக்கம் தன் உள்ளங்கையை வைத்து, மறுபக்கம் விரலால் சுண்டினாள். "இந்தப் பக்கம் சுண்டினா அந்தப் பக்கம் அலை வந்து கையில மோதுது. நீங்களும் இங்க கையை வச்சுப் பாருங்க."

ஹலீமா பீ பார்த்தாள். தோலோடு வாழ்ந்தவள், சட்டென்று சொல்லிவிட்டாள்: "அரே, தண்ணி ரொப்புன தோல் பையாட்டம் கீது!"

"அதேதான். கர்ப்பப்பைக்கு ரெண்டு பக்கமும் சூலகம்னு ரெண்டு இருக்கும்மா. பாதாம் கொட்டை அளவு. அதுல ஒண்ணுல நீர்க்கட்டி வந்து இவ்வளவு பெருசா வளர்ந்திருக்கு." டாக்டரம்மா குழலைக் கீழே வைத்துவிட்டுச் செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை இல்லம்மா."

செண்பகம் அழவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்தாள். "ஒதச்சுதேம்மா," என்றாள். "நான் பேசுனா ஒதச்சுதே."

"குடல் அசைஞ்சிருக்கும். ஆசையில அப்படித் தோணும். யாருக்குமே தோணும்."

ஹலீமா பீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். டாக்டரம்மா மீதியையும் சொன்னாள். மருந்தில் கரையாது. ஊசியால் குத்தி நீரை எடுத்தால் திரும்ப ஊறும், உள்ளே சீழ் பிடிக்கும். மயக்கம் கொடுத்துக் கட்டியை எடுக்கத்தான் வேண்டும். விட்டால் ஒருநாள் முறுக்கிக்கொள்ளும், இல்லை வெடிக்கும். "வேலூருக்கு வரணும். சீக்கிரம் வரணும். உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, ஆபீஸ்ல அவர் கைநாட்டு கேப்பாங்க."

கைநாட்டு. அந்த ஒரு மைப்பொட்டுக்காக அவள் பட்ட பாடு இருக்கிறதே!

அன்று பொழுது சாய்வதற்குள் ஜெயம்மாள் வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். சுப்பராயன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஆறு ஊருக்குப் புள்ள எடுக்கறவ நானு. எனுக்குத் தெரியாத வயிறா? நேத்துப் படிச்சுட்டு வந்தவ குழல வெச்சுக் கேட்டாளாம், புள்ள பேசலியாம்! புள்ள இவளாண்ட இன்னாத்தப் பேசும்?"

"அண்ணி, அலையடிக்குது அண்ணி. பீபீம்மா கையில பட்டுதாம்."

"பனிக்கொடம்டீ அது! டேய் சுப்பா, கேட்டியாடா? வயித்தக் கிழிச்சுப் புள்ளயத் தூக்கிப் போட உன் கைநாட்டு வோணுமாம்."

சுப்பராயன் தொட்டியைப் பார்த்தே பேசினான். "பன்னெண்டு வருசம் கயிச்சு வந்த புள்ள. நான் வெக்க மாட்டேன்."

"புள்ளயில்லன்னு சொல்றாங்கய்யா. என் உசுரு போய்டும்ன்றாங்க."

"அக்கா சொல்லுது இல்ல? அக்காவுக்குத் தெரியாததா உனுக்குத் தெரியும்? போம்மே, களியக் கிண்டு."

அவள் போய்க் களி கிண்டினாள். அந்த வயிற்றோடு குனிந்து அடுப்பூதினாள் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த பதினைந்து நாள் ஜெயம்மாள் தன் கைவேலையைக் காட்டினாள். வலி எடுக்க விளக்கெண்ணெய் கொடுத்தாள். வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். கஷாயம் வைத்து ஊற்றினாள். செண்பகம் வாந்தியெடுத்தாள், கழிந்தாள், பிள்ளை மட்டும் வரவில்லை. ஆனி பிறந்தது. கிணற்றடியில் பெண்கள் வாய்விட்டே சிரிக்க ஆரம்பித்தார்கள். "ஜெயம்மா, உன் மருமவன் யானையில ஏறி வரானா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அந்தச் சிரிப்பை ஜெயம்மாளால் தாங்க முடியவில்லை. தப்பு செய்தேன் என்று சொல்ல நாக்கு வராதவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். ஒரே நாளில் பேச்சை மாற்றினாள். வயிற்றில் ஒன்றுமே இல்லையாம். குழி வேலைக்குப் பயந்து, நிழலில் உட்கார ஆசைப்பட்டு, செண்பகம் பிள்ளையென்று ஊரை ஏமாற்றினாளாம். வயிற்றை வேண்டுமென்றே உப்ப வைத்துக்கொண்டாளாம்! ஊதுகுழல் வைத்து ஊதினாளா என்று கேட்க அந்தத் தெருவில் ஒரு ஆண்பிள்ளைக்கு வாய் இல்லை.

மேஸ்திரி துரைசாமிக்கு அது போதுமாயிருந்தது. "புள்ளத்தாச்சின்னு தான கொட்டாய்ல வுட்டோம்? புள்ள இல்லன்னா குழிக்குப் போ. ஏமாத்துக்காரிக்கு நெயல் கேக்குதா?"

அவள் போனாள். கையில் கிடந்த வளையல்களைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். கல்லில் குனிய முடியவில்லை, வயிறு இடித்தது. மண்டியிட்டுக்கொண்டு மயிர் வழித்தாள். மூன்றாவது தோலை எடுக்கும்போது அப்படியே சாய்ந்தாள். தோல் அவள் மேல் விழுந்து கிடந்தது. கொட்டகையிலிருந்து ஹலீமா பீ ஓடிவந்தாள்.

ஹலீமா பீ அவளுக்குத் தண்ணீர் தெளித்து உட்காரவைத்துவிட்டு நேராக வண்டிப்பட்டிக்குப் போய்ச் சுப்பராயன் எதிரில் நின்றாள்.

"அவ சாவறா. ரயிலுக்கு நான் இட்டுகினு போறேன். நீ வந்து ஒரு கைநாட்டு வெச்சுட்டு வந்துடு. வேற ஒண்ணும் வோணாம்."

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கா? அடப்பாவி, அறுத்து எடுக்கறதுக்கு!"

"புள்ள இல்லாத வயித்த அறுத்து இன்னா ஆவப்போது? ஆவணில கட்டிக்க அக்கா எனுக்கு வேற பொண்ணு பாத்து வெச்சிருக்குது. இவ சரின்னு நாலு பேருக்கு முன்னால சொல்லட்டும். அப்பால வந்து வெக்கிறேன்."

பிள்ளை இருக்கிறது என்று நம்பிய வரைக்கும், பிள்ளைக்காக அறுக்கக் கூடாது. பிள்ளை இல்லை என்று தெரிந்ததும், பிள்ளையே இல்லாதபோது எதற்கு அறுப்பது! இரண்டு கணக்கிலும் அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரி ஒருத்தி உயிரோடு இருந்தாள். அவள் அவர்கள் கண்ணில் படவேயில்லை.

"த்தூ," என்றாள் ஹலீமா பீ. "உன் கட்ட வெரலுக்கு இவ்ளோ கிராக்கியா? நீயே வெச்சுக்க."

மறுநாள் காலை ரயிலில் இருவரும் காட்பாடி போய் இறங்கி, அங்கிருந்து ஜட்கா வண்டி பிடித்தார்கள். வேலூர் லாங் பஜாரில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே ஜட்கா நகரவில்லை. மூட்டை தூக்குகிற ஆள் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளத்தாச்சி வர்றாங்கப்பா, வயி வுடு வயி வுடு!" என்று கத்தினான். கூட்டம் விலகிற்று. வளையல் கடைக்காரர் ஒருவர் கையெடுத்து, "நல்லபடியா பெத்து எடும்மா" என்றார். செண்பகம் தலையை ஆட்டினாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் வந்தது.

ஆஸ்பத்திரி ஆபீஸில் குமாஸ்தா காசிநாதன் காகிதத்தை எடுத்து வைத்தார். கெட்டவர் இல்லை, சட்டம் பேசுகிறவர். "புருஷன் எங்கே?"

"வரலீங்க."

"அப்பா, அண்ணன், தம்பி?"

"யாரும் இல்லீங்க. நானே வெக்கிறேன்."

மைப்பெட்டியில் கட்டை விரலை உருட்டிக் காகிதத்தில் அழுத்தினாள். குமாஸ்தா எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கறுப்பாக ஒரு பொட்டு. ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை.

"என்னம்மா இது? ரேகையே விழலையே. இன்னொரு விரலை வை."

வைத்தாள். பத்து விரலும் வைத்தாள். பத்துப் பொட்டு.

"இது செல்லாதும்மா. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, யார் வச்சதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? புருஷனைக் கூட்டிட்டு வா."

அதுவரை ஊரில் யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாதவள் செண்பகம். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சாமி, ஒம்போது வயசுல இருந்து சுண்ணாம்புல கெடந்த கையி இது. நீங்க காலுல போட்டுக்கினு கீற செருப்பு இருக்குதே, அதுல கீது என் ரேகை. அங்க தேடுங்க. என் புருசன் கையில ரேகை நல்லாத்தான் கீது. ஆனா அவரு வயித்துல கட்டி இல்லீங்களே!"

காசிநாதன் காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்து வாசலில் நின்றிருந்தாள். காகிதத்தை வாங்கிப் பத்துப் பொட்டையும் பார்த்தாள். அதற்குக் கீழேயே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "என் முன்னால வச்சதுன்னு எழுதியிருக்கேன். யாராவது கேட்டா என்னைக் கேக்கச் சொல்லுங்க," என்றாள். பின்னால் நின்ற நர்ஸிடம் திரும்பி, "மரியம்மா, வார்டுல படுக்கை போடு" என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கட்டியை எடுத்தார்கள். இருபத்தேழு ராத்தல், இன்றைய கணக்கில் பன்னிரண்டு கிலோ. ஹலீமா பீ பார்த்தே தீருவேன் என்று நின்றதால் நர்ஸ் மரியம்மாள் எனாமல் தொட்டியை மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினாள். நீலமும் வெள்ளையுமாக, நரம்போடி, குழியிலிருந்து எடுத்த தோல் நிறத்தில் ஒரு பை. "இதுக்கா வளையல் போட்டாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தாள்.

நாலாம் நாள் கஞ்சி குடிக்கும்போது செண்பகம் டாக்டரம்மாவைக் கேட்டாள்: "நான் இன்னாம்மா தப்பு பண்ணேன், இது வர்றதுக்கு? சுண்ணாம்பு வாடைன்றாங்க, சாபம்ன்றாங்க, ஏதோ தின்னுட்டேன்றாங்க."

"நீ ஒண்ணும் பண்ணல. இது ஏன் வருதுன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. கல்யாணமாகாத பொண்ணுக்கும் வருது, பத்துப் பெத்தவளுக்கும் வருது, பங்களாவுல இருக்கறவளுக்கும் வருது."

தெரியாது! படித்தவள், வயிற்றைத் திறந்து பார்த்தவள், தெரியாது என்றாள். படிக்காத ஊரில் ஒவ்வொருத்தருக்கும் காரணம் தெரிந்திருந்தது. செண்பகம் அதைக் கேட்டுவிட்டு அன்று முதல் தடவையாக மல்லாந்து படுத்துத் தூங்கினாள்.

"இன்னொரு பக்கத்துச் சூலகம் நல்லா இருக்கு," என்று பின்னொரு நாள் டாக்டரம்மா சொன்னாள். "பிள்ளை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். வாக்குக் கொடுக்க மாட்டேன். மூணு மாசம் கனம் தூக்கக் கூடாது." ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி சுருட்டும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. வருகிறாயா என்று மரியம்மாள் கேட்டுப் பார்த்தாள். யோசித்துச் சொல்வதாகச் செண்பகம் சொன்னாள்.

ஐந்து வாரம் கழித்து, ஆடியில், அவளை வீட்டுக்கு அனுப்பும் நாள். ஹலீமா பீ காலையிலேயே வந்துவிட்டாள். பார்த்தால் ஆபீஸ் வாசலில் சுப்பராயனும் ஜெயம்மாளும் நிற்கிறார்கள். ஜெயம்மாள் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு.

"நான் அப்பவே நெனச்சேன் கட்டின்னு," என்று ஆரம்பித்தாள் ஜெயம்மாள், கூசாமல். "நாங்க அனுப்பி வெச்சதாலதான பொயச்சே? ஒரு பக்கம் நல்லா கீதாமே, இனிமே புள்ள நிக்கும். அந்தப் பொண்ண வேணாம்னு சொல்லிட்டோம். வா வூட்டுக்கு."

அந்தப் பெண் வீட்டார்தான் வேண்டாம் என்று சொன்னவர்கள். ஊருக்கே தெரியும்.

"மேஸ்திரியும் கேட்டுகினே கீறாரு," என்றான் சுப்பராயன். "குழியில ஆளு கம்மி."

வயிறு கிழித்துத் தைத்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. நல்லா இருக்கியா என்று இரண்டு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உள்ளே காசிநாதன் ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தார். சுப்பராயனைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி. "வாய்யா, நீதான் புருஷனா? கூட்டிட்டுப் போறேன்னு இங்கே ஒரு கைநாட்டு வை."

சுப்பராயன் கட்டை விரலை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான். செண்பகம் மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உள்ள போறப்ப இவரு கைநாட்டு இல்லாமத்தான் போனேன்," என்றாள். "வெளிய வர்றதுக்கு மட்டும் எதுக்குங்க?"

"இன்னாமே பேசற நீ?" என்றான் சுப்பராயன். "ஊருக்கு வர மாட்டியா?"

"மரியம்மாக்கா," என்று செண்பகம் நர்ஸைப் பார்த்தாள். "அந்தத் துணி சுருட்டுற வேலைக்கு வர்றேன்."

ஹலீமா பீ ஜெயம்மாளின் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பை வாங்கி, வாசலில் உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கு ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

செண்பகம் விரலை மையில் உருட்டி ரிஜிஸ்டரில் அழுத்தினாள். காசிநாதன் வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். ஐந்து வாரம் சுண்ணாம்பு படாத விரல். பொட்டின் நடுவே மெலிசாக நாலைந்து கோடுகள் வளைந்து விழுந்திருந்தன. அவர் ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். செண்பகம் குனிந்து பார்த்தாள். பிறகு, மை காய்வதற்கு, அதன்மேல் மெதுவாக ஊதினாள்.